சத்தம் கடந்து போகட்டும்

சுவரில் இரண்டு தட்டு விழுந்தால் நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம் அது. என் தொழில் பழைய துணி. கால்சட்டைக்கு இடுப்புப் பிடிப்பேன், பாவாடைக்கு மடிப்பு இறக்குவேன், பல் போன ஜிப்பைக் கழற்றிப் புதுசு வைப்பேன். என் மிஷின் எனக்கு மூத்தது. அது ஓடினால் அடுத்த வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். அவர்கள் ரிக்கார்டிங் செய்கிறபோது அது ஓடினால் மெத்தைத் தள்ளுபடி விளம்பரத்துக்குப் பின்னால் ரயில் போகிற மாதிரி கேட்கும் என்று அந்த வீட்டுக்காரர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டார்.

அவர் விளம்பர வண்டிக்காரர். சின்ன வேன், கூரை மேல் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு குழாய் ஸ்பீக்கர். அதில் ஓடுகிற குரல் அவர் பெண்டாட்டியுடையது. ஊரில் மெத்தை மலிவானாலும் அவள்தான் சொல்வாள், தண்ணீர் வராது என்றாலும் அவள்தான் சொல்வாள், சர்க்கஸ் வந்தாலும் அவள்தான் கூப்பிடுவாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நேரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு மெல்லப் பேசுவாள். சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர் காதைக் குவித்து, "வண்டியில பேசுற மாதிரி பேசும்மா, அப்பதான் எனக்குப் புரியும்" என்பார். தினமும் அதே கிண்டல், தினமும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ரிக்கார்டிங்கை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தி, கதவில் போர்வைகளைத் தொங்கவிட்டு, வீட்டுக்காரர் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவள் நின்றுகொண்டுதான் பேசுவாள். நடுவில் தெருவில் லாரி போனால், நாய் குரைத்தால், அவள் வலது கையைத் தூக்குவாள். அவ்வளவுதான், வீடே அப்படியே நிற்கும். அவர்களுடைய சின்ன மகள்கூட வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கடிக்காமல் நிற்பாள். சத்தம் கடந்து போனதும் கை இறங்கும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஒரே வரியை இரண்டாவது தடவை அவள் பேசி நான் கேட்டதில்லை.

பேசியதை எல்லாம் வீட்டுக்காரர் துண்டு துண்டாகச் சேமித்து வைத்திருந்தார். 'அன்பார்ந்த தாய்மார்களே' ஒரு துண்டு, 'அரிய வாய்ப்பு' ஒரு துண்டு, கிழமைகள் எல்லாம் தனித்தனித் துண்டு. அவசர வேலை வந்தால் அவளை எழுப்பாமல் பழைய துண்டுகளை ஒட்டிக் கொடுத்துவிடுவார். நான் பழைய சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கிற மாதிரிதான் அதுவும், வெளியே தெரியாது.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. வண்டிக்காரரின் அக்கா. புருஷன் போனபின் தம்பியோடு வந்து தங்கியவர். யார் எப்போது வண்டியைக் கேட்கிறார்கள், எந்தத் தெரு வழியாக ஓட்டுவது என்பதெல்லாம் அவர் கையில்தான். அதனால் அவருக்கு மேனேஜர் என்று பெயர். நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை திட்டிக்கொண்டே நின்றவர் அவர்தான்.

அந்த வருஷம் வெயில் காலம் முழுக்கக் காற்று அடித்தது. தூசிக் காற்று. தைத்து மடித்து வைத்த துணியை மறுபடி உதற வேண்டியிருந்தது. ஊரில் எங்கே போனாலும் ஒரே பேச்சு, கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றப் போகிறார்களாம். அதுவரை, ஆரம்ப மாதங்களில் பெண்ணும் ஒரு டாக்டரும் சேர்ந்து முடிவெடுத்தால் போதும். புதிதாக வருவதில், தாயின் உயிர் போவது உறுதி என்று டாக்டர்கள் குழு ஒன்று சொன்னால்தான் உண்டு. நாடாளுமன்றத்தில் வைக்கப் போகிறார்கள் என்று ஒருவர் சொல்வார், வைத்தாகிவிட்டது என்பார் இன்னொருவர். டீக்கடை டிவியில் கோட்டுப் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பேச விடாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். அதில் பொம்பளை முகம் ஒன்று தெரிகிறதா என்று நானும் எட்டிப் பார்ப்பேன், பெரும்பாலும் தெரியாது.

ஒரு மத்தியானம் ரேடியோ ஒரு பாவாடையோடு வந்தாள். நல்ல பாவாடை, நான் தைத்துக் கொடுத்ததுதான்.

"இடுப்புப் பிடிக்கணுமா, விடணுமா?" என்று கேட்டேன்.

அவள் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "ரெண்டும் வேண்டாம்க்கா. இப்படியே இருக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நூல்கண்டுகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். தடை மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தங்கிவிட்டது. புருஷனுக்குச் சொல்லியாகிவிட்டது. மகள் பிறந்தபோது என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும். பிரசவத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. பிழைத்து எழுந்தபோது பேச்சு வரவில்லை. 'அம்மா', 'தண்ணி' என்று மகளோடு சேர்ந்து அவளும் பேசப் பழகினாள் என்று மேனேஜர் பின்னால் சிரித்துக்கொண்டே சொல்வார், சொல்லும்போது கண் கலங்கும். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று அப்போதே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள். அங்கே இருந்த டாக்டர், வலிப்பு மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். சட்டம் என்ன ஆகிறது என்று தெரிந்தபின் வாருங்கள் என்றாராம்.

"இன்னும் மாறலையே டாக்டர்னு கேட்டேன்க்கா. அவரு என்னைப் பார்க்கவே இல்ல. 'வரலாம்'ங்கிறது போதாதாம். நாளைக்குச் சட்டம் வந்தா 'நிச்சயம் வரும்'னு எழுதித் தரணுமாம். எனக்கு நிச்சயமா வலிப்பு வந்து விழுந்தப்புறம் எழுதுவாங்களா?"

நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு கிளினிக் இருக்கிறது, அங்கே ஒரு பெண் டாக்டர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். விசாரித்து வைக்கிறேன் என்றேன். பாவாடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஓரிடத்தில் நிலையாக இருந்து நான் பார்க்கவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைப்பாள். வாசல்வரை போவாள், திரும்புவாள். அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு என் அறைக்கு வந்து, "ஏதாவது சொன்னாங்களாக்கா?" என்பாள். சட்டத்தைக் கேட்கிறாளா, கிளினிக்கைக் கேட்கிறாளா என்று நான் கேட்டதில்லை, இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டி வைப்பேன். கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்ததும் ஓடுவாள். வீட்டுக்காரரோ, பார்க்கலாம், பார்க்கலாம் என்பதோடு சரி. கெட்டவர் இல்லை. மகன் பிறந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசை மூலையில் இருந்திருக்கும். பெண்டாட்டி போய்விடுவாளோ என்ற பயமும் இருந்திருக்கும். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் வாயில் வந்தது 'பார்க்கலாம்' மட்டும்தான்.

கிளினிக்கில் வரச் சொல்லி நாள் கிடைத்த அதே நேரத்தில்தான் அந்த வேலையும் வந்தது. சட்டத்தை மாற்றச் சொல்கிறவர்கள் பெருந்திடலில் கூட்டம் போடுகிறார்கள். அந்த வாரம் முழுக்க வண்டி அவர்களுக்கு வேண்டுமாம். மேனேஜர் சரி என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அந்தக் கூட்டத்தின் பேச்சில் நம்பிக்கை உண்டு. தம்பி பெண்டாட்டியின் விஷயம் அவருக்கு அப்போது தெரியாது, இவர்கள் இருவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன்.

"நான் இதைப் பேச மாட்டேங்க."

"இது தொழில்மா. மெத்தை விக்கிறோம், அதுல நாமளா படுத்துப் பார்த்துட்டுச் சொல்றோம்? அடுத்த மாசம் அந்தப் பக்கத்துக்காரங்க கூப்பிட்டா அவங்களுக்கும் பேசு."

"அடுத்த மாசம் எனக்கு இது வயித்துல இருக்கணுமா?"

பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படுவது கேட்டது. அப்புறம் மேனேஜரின் குரல், ரொம்பத் தாழ்ந்து. "என்ன சொல்ற? எப்பலேருந்து?"

அன்றைக்கும் மறுநாளும் சுவரில் தட்டு விழவில்லை. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் போல என்று நான் நிம்மதியாகத் துணியைத் தைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் பட்டன் வாங்கப் போயிருந்தேன். காற்றில் முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி நின்றபோது வண்டி வந்தது.

"அன்பார்ந்த தாய்மார்களே. குழந்தைகளின். உயிரைக் காப்போம். சட்டப்படி குற்றம். ஞாயிற்றுக்கிழமை மாலை. பெருந்திடலில். அனைவரும் வாரீர், வாரீர்."

அவள் குரல்தான். கடைக்காரருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. எனக்கு ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரிந்தது. தாய்மார்கள் பால் பவுடர் விளம்பரத்திலிருந்து வந்தவர்கள். குழந்தைகள் துணிக்கடைத் தள்ளுபடியில் சிரித்துக்கொண்டே சொன்னது, அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. உயிரைக் காப்பது ஹெல்மெட் போடச் சொன்னபோது. குற்றம், வாசலில் வண்டி நிறுத்தினால் என்று நகராட்சிக்காகச் சொன்னது. வாரீர் வாரீர் சர்க்கஸ். கரு என்று அவள் ஒருநாளும் ரிக்கார்டிங்கில் சொன்னதில்லை, அதனால் அந்தச் சொல் மட்டும் அதில் இல்லை.

பட்டனை வாங்காமலே திரும்பி வந்தேன். அவள் மாடிக் கொடியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி எங்கள் தெருவுக்குள் வரவில்லை, அந்த மட்டுக்கும் அவருக்கு வெட்கம் இருந்திருக்கிறது. ஆனால் காற்றுக்கு அது தெரியுமா? வாரீர், வாரீர் என்று நாலு தெரு தள்ளியிருந்து கொண்டுவந்து போட்டது. அவள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. மேனேஜர் தட்டில் ரொட்டியை வைத்தார். வீட்டுக்காரரே ஆரம்பித்தார்.

"நீ புதுசா ஒரு வார்த்தைகூடப் பேசலையேம்மா. எல்லாம் பழசுதான். அக்கா வாக்குக் குடுத்துட்டாங்க, நான் என்ன பண்றது?"

"என் தலையில போடாதடா," என்றார் மேனேஜர். "வேண்டாம்னு சொல்லிடுன்னு நேத்தே சொன்னேன்."

ரேடியோ மகளின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அவள் பேசியபோது குரல் உயரவே இல்லை.

"அப்ப நான் செத்துட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் நிக்காது. எல்லாத் துண்டும் இருக்குல்ல. ஒட்டி ஒட்டி ஓட்டிக்கலாம்."

அவர் ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அப்படிப் பேசாதம்மா" என்றார். "இந்த வாரம் மட்டும்" என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கிளப்பவில்லை. கிளப்ப மாட்டார் என்றே நினைத்தேன். கிளப்பிக்கொண்டு போனார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. இறங்கி ஓடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

கிளினிக்குக்குப் போகிற நாளை அவரிடம் அவள் சொல்லவில்லை. நானும் அவளும் போவதாக ஏற்பாடு. காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் இறங்கி வந்தாள். பின்னாலேயே மேனேஜர், தோளில் பையோடு. பைக்குள் ஒரு போர்வையும் பிளாஸ்க்கும் தெரிந்தன.

"நானும் வர்றேன்" என்றார்.

ரேடியோ படியிலேயே நின்றாள். "அண்ணி, உங்களுக்கு இது பாவம்."

"பாவம்தான். இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போலாம்னுகூட இருந்தேன்." அவர் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். "ஆனா போன தடவை உனக்குக் கண்ணு செருகினப்போ உன் கையைப் பிடிச்சுட்டு இருந்தது நானு. கூட்டம் போடறவங்க யாரும் அங்க இல்ல. இன்னொரு தடவை என்னால பிடிக்க முடியாது. கடவுள்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ நட."

பஸ்ஸில் ஜன்னல்கள் தடதடவென்று ஆடின. வழியில் காற்றுக்கு மரம் ஒன்று சாய்ந்து பெரிய சாலையை அடைத்துவிட்டதாம். வண்டிகளை எல்லாம் கிளினிக் இருந்த பின்தெரு வழியாகத் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று, வாசலிலேயே இறங்கினோம். இன்று தம்பி வடக்குப் பக்கம் ஓட்டுகிறான், இங்கே வர மாட்டான் என்று மேனேஜர் கேட்காமலே சொன்னார். நானும் கேட்கவில்லை.

கிளினிக்கில் இரண்டு பெஞ்ச், ஒரு தண்ணீர்க் குடம், சத்தம் போடுகிற மின்விசிறி. பெஞ்சில் பெண்கள். சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி தூங்கினாள். ரேடியோ நர்ஸிடம் போய், "டாக்டரைப் பார்க்கணும், வரச் சொல்லியிருந்தாங்க" என்றாள். நர்ஸ் காதில் விழாமல் என்ன என்றதும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அந்தக் கொஞ்சம் சத்தம் போதுமானதாக இருந்தது. எல்லாத் தலையும் திரும்பின. தூங்கிக்கொண்டிருந்தவள்கூட விழித்துக்கொண்டாள்.

தொழிற்சாலை யூனிபாரம் போட்ட சின்னப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. "அந்த வண்டியில பேசுறது நீங்கதானே?" என்றாள். "நாங்க செய்யறது குற்றம்னு ஊர் பூரா சொல்லிட்டு, நீங்க மட்டும் இங்க வந்து நிக்கிறீங்க."

எனக்கு முகம் சுட்டது. மேனேஜர் பாய்ந்துவிட்டார். "ஏ பொண்ணு, தெரியாம பேசாத. அதைப் பேசினது இவ இல்ல. எங்க வீட்டுப் புத்திசாலி ஒருத்தன் வெட்டி ஒட்டினது" என்று ஆரம்பித்து, தம்பியை அவர்கள் எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினார். ரேடியோ அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஒட்டினதுதான்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "ஆனா குரல் என்னுது. நீ கோபப்படறது சரிதான்."

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ரேடியோ உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். அப்போதும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மேனேஜர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். முதல் டம்ளரை அந்தச் சின்னப் பெண்ணிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டதும் மூவருமே போனோம். டாக்டர் அம்மா நாங்கள் நினைத்ததைவிட வயதானவர். சோதித்துப் பார்த்தார், பழைய பிரசவத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிப்பு என்றதும் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இன்றைக்கு இருக்கிற சட்டப்படி இதைச் செய்யலாம், நாளைக்கு என்ன என்று எனக்கும் தெரியாது என்றார். மேனேஜர் முந்திக்கொண்டு, "செஞ்சிடுங்கம்மா" என்றார்.

டாக்டர் அவரைக் கையமர்த்தினார். "கூட வந்தவங்க சொல்லி நான் செய்யறதில்ல. யாரும் சொல்லிக்குடுத்துச் சொல்றதும் வேண்டாம். அவங்களே சொல்லணும், அவங்க வாயால." பிறகு ரேடியோ பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும்மா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பழையபடி பேச்சு போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். மேனேஜரின் உதடுகள் அவளுக்குப் பதிலாகச் சொல்லத் துடித்தன, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். டாக்டர் பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் கண் ஒரு தடவை கடிகாரத்துக்குப் போய் வந்தது.

அப்போதுதான் தெருவில் அது கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில். சாய்ந்த மரம் எங்களை அனுப்பிய அதே வழியில் வண்டிக்காரரையும் அனுப்பியிருந்தது. அன்பார்ந்த தாய்மார்களே. குழந்தைகளின். அதே சிரிப்பு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சட்டப்படி குற்றம். டாக்டருக்கும் புரிந்துவிட்டது. ஜன்னலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ரேடியோ வலது கையைத் தூக்கினாள்.

நானும் மேனேஜரும் அப்படியே நின்றோம். எங்களுக்குப் பழக்கம். டாக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது, ஆனாலும் அவரும் திறந்த வாயோடு நின்றுவிட்டார். வண்டி நெரிசலில் ஊர்ந்துதான் போனது. பெருந்திடலில். அனைவரும் வாரீர், வாரீர். திரும்பவும் முதலிலிருந்து தாய்மார்கள். அவள் கை இறங்கவில்லை. தெருமுனையில் திரும்பி, குரல் தேய்ந்து, கடைசி வாரீரும் காற்றோடு போன பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கை இறங்கியது.

"எனக்கு இந்தக் கர்ப்பம் வேண்டாம் டாக்டர்" என்றாள். "நான் உயிரோட இருக்கணும்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி டாக்டர் கேட்கவில்லை.